துப்பறியும் கதையும் முதலில் பிடிபட்டவனும்

கொலைக் கதையைக் கண்டால் மூத்தோர் முகஞ் சுளிப்பதும், அதே கதையை இளைஞர் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படிப்பதும் தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. சித்தியவான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. பட்டணத்தில் வாங்கிவந்த ஒரு மர்மக் கதை, லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கைமாறிச் செல்லும். அட்டை கிழிந்து, கடைசித் தாள் காணாமற் போன பின்னும் அதைப் படிப்பார் இருந்தனர். கடைசித் தாள் இல்லாத துப்பறியும் கதையைப் படித்து முடித்தவனின் வேதனை சொல்லில் அடங்காது. இன்று அத்தோட்டங்களிற் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. புத்தகத்தின் இடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. ஆயினும் விரும்பிப் பார்க்கப்படுவது மாறவில்லை. ஒரு கொலை நடக்கிறது, ஒருவன் தப்பியோடுகிறான், ஒருவர் அவனைத் தேடிச் செல்கிறார்.

இந்தக் கவர்ச்சிக்குக் காரணம் யாது? மனிதனுக்குள் உறங்கும் கொடுமை இரத்தத்தைக் கண்டு மகிழ்கிறது என்பது பலரும் கூறும் விடை. அது போதாத விடையாகும். துப்பறியும் கதைகளை எடுத்துப் பாருங்கள். கொலை பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே நடந்து முடிந்துவிடும். சில கதைகளில் கதை தொடங்கும் முன்பே நடந்திருக்கும். எஞ்சிய இருநூறு பக்கங்களில் இருப்பவை கேள்விகள், காலடித் தடங்கள், பொய்ச் சாட்சிகள், கடிகாரம் காட்டிய நேரங்கள் ஆகியவையே. இரத்தம்தான் நோக்கம் என்றால் வாசகன் முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவைத்திருப்பான் அல்லவா? அவனோ அங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறான்.

தமிழில் இவ்வகைக் கதை நேற்று முளைத்ததன்று. பண்டித நடேச சாஸ்திரியார், தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தலைவனாக வைத்து எழுதிய நூல் 1894ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறி அப்போது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. இங்கிலாந்தில் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை உலகுக்கு அறிமுகப்படுத்தியது 1887இல். எனவே மேல்நாட்டாரைவிட நாம் மிகவும் பிந்திவிடவில்லை. அடுத்து ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1908இல் வெளிவந்து, துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு அறிந்த பெயராக்கியது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். 1950இல் அது திரைப்படமாக வந்தபோது எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். தேவன் 1942இல் ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவைத் தொடங்கினார். சாம்பு ஓர் அசட்டுப் பேர்வழி. அறிவால் அல்ல, அதிர்ஷ்டத்தால் வெற்றி பெறுகிறவர். ஓர் இலக்கிய வகையைக் கேலி செய்து ஒருவர் எழுதுகிறார் என்றால், அவ்வகை மக்களிடம் நன்கு வேரூன்றிவிட்டது என்று பொருள். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். 1968இல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' மூலம் வழக்கறிஞர் கணேஷ் வந்தார். 1980களில் ராஜேஷ்குமார் முதலியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளிற் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்த தானவன் போலீஸ்காரன். அவனுக்குப் பின் வந்து மக்கள் மனத்தில் நின்ற பலர் போலீஸ்காரர் அல்லர். ஒருவர் சாமியார், ஒருவர் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர், ஒருவர் தனியார் துப்பறிவாளர், ஒருவர் வக்கீல். உண்மை காவல் நிலையத்திலிருந்து தானாகப் புறப்பட்டு வரும் என்று தமிழ் வாசகன் முழுமையாக நம்பியதில்லை போலும். வேறொருவர் போய் அதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஏன் இந்த ஐயம்? துப்பறியும் கதையின் உயிர்நாடி எது என்று பார்த்தால் இதற்கும் விடை கிடைக்கும். அக்கதைகளில் முதலில் பிடிபடுகிறவன் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. பிணத்தின் அருகில் நின்றவன், கையில் கத்தி வைத்திருந்தவன், இறந்தவரோடு முதல் நாள் சண்டையிட்டவன் ஆகிய இவனைத்தான் ஊர் கைகாட்டும். அதிகாரியும் விலங்கு பூட்டுவார். துப்பறிவாளர் ஒருவர் மட்டும் 'சற்றுப் பொறுங்கள்' என்பார். கதை முழுவதும் அந்த ஒரு சொல்லின் விரிவேயாகும். வாசகனை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலையன்று, இந்தப் பொறுமையே.

பொறுமை இல்லாதபோது என்ன நேரும் என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே காப்பியமாகப் படித்திருக்கின்றனர். மதுரை வீதியில் சிலம்பு விற்கச் சென்ற கோவலன், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கையிலேயே அகப்படுகிறான். அரசன் ஆராயவில்லை. அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் வழியில் ஆணை பிறக்கிறது. கொலைக்களத்தில் காவலர் தயங்குகின்றனர். இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளை நிபுணனைப் போல் எடுத்துரைக்கிறான். கள்வனே களவு நூலைக் கற்பிக்கிறான்! பேச்சு முடிவதற்குள் காவலருள் ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான். பின்னர் அவைக்கு வரும் கண்ணகி அழுது வாதாடுவதோடு நிற்கவில்லை. அரசியின் சிலம்பில் இருந்த பரல் எது என்று தெளிவாக்கிக்கொண்ட பிறகே தன் சிலம்பை உடைக்கிறாள். அரசியுடையது முத்து, உடைந்து தெறித்தது மாணிக்கம். இன்றைய நீதிமன்றங்கள் சான்றுப் பொருள் என்று அழைப்பது இதைத்தான். ஆனால் சான்று வந்து சேர்ந்தபோது ஆள் இல்லை. துப்பறியும் கதை, கண்ணகி ஒரு நாள் முன்னதாக அவைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கத்தைத் தீர்த்துவைக்கிறது எனலாம்.

தோட்ட மக்களுக்கு இந்த ஏக்கம் புத்தகச் செய்தியன்று. பங்களாவில் ஒரு கைக்கடிகாரம் காணாமற் போனால் முதலிற் சோதிக்கப்படுவது எந்த வீடு என்று லயத்தில் வளர்ந்தவர் எவரும் சொல்வர். துரை கேட்பார், கிராணி கைகாட்டுவார், மறுநாள் பெரட்டில் ஒரு பெயர் விடுபட்டுப் போகும். பொருள் பின்னர் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தாலும், போன பெயர் திரும்பாது. அத்தகைய வாழ்க்கையில் இருந்தவன், காவற்காரனும் சமையற்காரனும் குற்றமற்றவர்கள் என்றும், பட்டுச் சட்டை அணிந்த பெரிய மனிதனே கள்வன் என்றும் மெய்ப்பிக்கும் கதையை மண்ணெண்ணெய் விளக்கில் கண் எரியப் படித்தான் என்றால் வியப்பில்லை.

இனி, தப்பியோடுகிறவனைப் பற்றிய கதைகள். இவற்றின் ஈர்ப்பு வேறு வகையானது. தேடுபவரோடு நடந்த வாசகன் இங்கே ஓடுபவனோடு ஓடுகிறான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1963 முதல் 1967 வரை நடந்த 'தி ஃபியூஜிட்டிவ்' என்னும் தொடரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். மனைவியைக் கொன்றதாகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர், உண்மைக் கொலையாளியான ஒற்றைக் கை மனிதனைத் தேடிக்கொண்டே போலீஸுக்கு அஞ்சி ஊர் ஊராக ஓடுகிறார். 1967 ஆகஸ்டு 29இல் அதன் இறுதிப் பகுதி ஒளிபரப்பானபோது, அந்நாட்டில் அதுவரை வேறெந்தத் தொடருக்கும் கூடாத கூட்டம் தொலைக்காட்சியின் முன் கூடியது. அவரும் 'முதலில் பிடிபட்டவர்' என்பதை மறக்கலாகாது. 2015இல் வந்த 'பாபநாசம்' திரைப்படத்திலோ நாம் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறோம். அங்கே குற்றத்தை மறைக்கும் குடும்பம் அகப்பட்டுவிடக் கூடாதே என்று அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டத்தை மதிக்கும் நல்ல குடிமக்கள்தாம் அவர்கள்! பிடிபடுவோமோ என்ற அச்சம் எல்லார்க்கும் பொது. வீட்டுப் பாடம் எழுதாத சிறுவனுக்கும் அது தெரியும்.

தலைமறைவாளி என்றவுடன் சித்தியவானில் நினைவுக்கு வருகிற பெயர் ஒன்று உண்டு. 1924இல் இவ்வூரில் ஒரு சைக்கிள் கடைக்காரரின் மகனாகப் பிறந்த சின் பெங், மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவராகிக் காட்டுக்குள் மறைந்தார். 1948 ஜூன் 16இல் இதே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அவர் தலைக்கு 250,000 வெள்ளி வரை பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது கனவிலும் எண்ண முடியாத தொகை. 1955 டிசம்பரில் பாலிங் பேச்சுவார்த்தைக்காக அவர் காட்டைவிட்டு வெளியே வந்தார். பேச்சு முறிந்ததும் திரும்பிச் சென்றார். 1989 டிசம்பர் 2இல் தென் தாய்லாந்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. எவராலும் பிடிக்கப்படாமலே 2013 செப்டம்பர் 16இல் பாங்காக்கில் காலமானார். கதையாசிரியன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால், முடிவு சரியில்லை என்று வாசகர் கடிதம் எழுதியிருப்பர். உண்மைத் தலைமறைவு வாழ்வில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் ஒரு கூடத்திற் கூடுவதில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று ஒருவர் எழுந்து விளக்குவதுமில்லை. உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு, கொன்றவர் எந்தத் தரப்பினராயினும், விளக்கம் கிடைக்காமலே காலம் போய்விட்டது.

உண்மை வழக்குகள் பல இவ்வாறே முடியாமல் நிற்கின்றன. சென்னையில் 1944 நவம்பரில் பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர். சரி, கொன்றவர் யார்? இன்று வரை விடையில்லை. பாகவதரின் பழைய புகழும் மீண்டு வரவில்லை. தீர்ப்பு மாறியது, முதலில் பிடிபட்ட தழும்பு மாறவில்லை.

மாறாக, 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் வழக்கு, கதையைப் போலவே முடிந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட இரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டி ஒன்று மானாமதுரையில் திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற உடல். தலை, சென்னை இராயபுரம் கடற்கரையிற் கிடைத்தது. காதுத் துளைகளையும் பல் ஒன்றின் அமைப்பையும் கொண்டு ஆள் யார் என்று உறுதி செய்யப்பட்டது. பம்பாய்க்குத் தப்பிச் சென்ற கணவனும் மனைவியும் பிடிபட்டு, 1953இல் கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக்கு இவ்வளவு குறைந்த தண்டனையா என்று கேட்டவர் உண்டு. இறந்தவரின் நடத்தையையும் குற்றம் நேர்ந்த சூழலையும் நீதிபதி எண்ணிப் பார்த்தார். எந்த மர்ம நாவலும் காட்டாத நுட்பம் இது. நாவல் 'யார்' என்ற கேள்வியோடு நின்றுவிடும். நீதிமன்றம் 'எவ்வளவு' என்றும் கேட்க வேண்டும்.

தொடர் என்னும் வடிவத்துக்கும் தனிக் கவர்ச்சி உண்டு. கொலையுண்டவர் மாறுவார், ஊர் மாறும், சங்கர்லால் மட்டும் அதே தேநீரைப் பருகிக்கொண்டு அமர்ந்திருப்பார். வாசகனுக்கு அவர் சாகமாட்டார் என்று தெரியும். அதனால்தான் அவன் துணிந்து அச்சப்படுகிறான். கானன் டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது வாசகர் பொறுக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1903இல் அவரை உயிரோடு எழுப்ப வேண்டியதாயிற்று.

இவற்றின் குறைகளை மறைப்பதற்கில்லை. முகத்தில் வெட்டுத் தழும்பு, கறுத்த மேனி, நொண்டும் கால் ஆகியவற்றைக் கொண்டே கயவனை அடையாளம் காட்டிய கதைகள் ஏராளம். முகத்தைப் பார்த்துக் குற்றவாளியைக் காணலாம் என்று கற்பிக்கும் நூல், தன் தொழிலுக்கே துரோகம் செய்கிறது. பொற்கொல்லனின் பாடமும் அதுதானே? இன்னும் சில கதைகளில், எங்கும் தலைகாட்டாத ஒருவனைக் கடைசிப் பக்கத்திற் கொண்டுவந்து நிறுத்தி இவனே கொலையாளி என்பார்கள். நல்ல கதையில் துப்பு வாசகன் கண்ணெதிரே கிடக்கும். அவன் அதைக் கவனிக்காமற் கடந்து போயிருப்பான். முடிவைப் படித்தபின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, 'ஆம், அங்கேயே சொல்லியிருக்கிறாரே!' என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். தைக்கப்பட்ட பொத்தானைப் போல் ஒவ்வொன்றும் அதனதன் துளையிற் பொருந்தும் கதையே படிக்கத் தக்கது.

பள்ளிகளில் இக்கதைகளைப் பறிமுதல் செய்வதைவிடப் பயன்படுத்துவது எளிது. பாதிக் கதையைப் படித்துக் காட்டி நிறுத்திவிட்டால் போதும். எழுதக் கூசும் மாணவனும் 'கொலையாளி யார், ஏன்' என்று ஒரு பக்கம் எழுதிவிடுவான். அடுத்த வாரம் கொலைக்களக் காதையை உரைநடையிற் சொல்லி, காவலர் தயங்கிய இடத்தில் நிறுத்தி, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கலாம். சங்கர்லாலைப் படித்த வகுப்பானால் முதல் கை எழும்போதே விடை வந்துவிடும்: பொற்கொல்லன் வீட்டைச் சோதனை போட வேண்டும். மதுரையில் அன்று அந்தச் சோதனை நடக்கவில்லை.