பல்பும் சாட்சி சொல்லும்!

இரவு விபத்தில் குற்றம் யார் மீது?

இரவு நேரம். ரோட்டில் விளக்கு இல்லை. ஒரு காரும் ஒரு மொபெட்டும் மோதிக்கொள்கின்றன.

"மொபெட்டில் விளக்கே எரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார், கார் டிரைவர்.

"விளக்கு எரிந்தது. கார்தான் கண்மண் தெரியாமல் வந்தது" என்கிறார், மொபெட்காரர்.

பக்கத்தில் வேறு ஆள் இல்லை. யார் சொல்வது உண்மை? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் நஷ்டஈடும் கிடைக்கும்.

கம்பெனி ஏன் வாதாடுகிறது?

அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்காக ஒவ்வொரு தனியார் மோட்டார் வண்டிக்கும் இன்சூரன்சு இருக்க வேண்டும் என்பது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை. தவறு கார் மீது என்றால், காரின் இன்சூரன்சு கம்பெனி மொபெட்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

உடனே கொடுத்துவிடுமா? "மொபெட்காரர் மீதும் தவறு உண்டு" என்று கம்பெனி வாதாடும். காரணம் இருக்கிறது. நஷ்டஈடு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொபெட்காரர் மீது 30 சதவீதம் தவறு என்று முடிவானால், 3 லட்சம் கழிந்துவிடும். கைக்கு வருவது 7 லட்சம்தான். காலை இழந்து படுத்திருப்பவருக்கு 3 லட்சம் சிறிய தொகையா?

யார் மீது தவறு என்று பாராமல் பணம் பெறவும் ஒரு வழி உண்டு. உயிர் போனால் 5 லட்சம். பலத்த காயம் என்றால் 2½ லட்சம். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி இது அமலுக்கு வந்தது. ஆனால் இதைப் பெற்றுக்கொண்டால், அதிகத் தொகை கேட்டுப் போட்ட மனு செல்லாமல் போய்விடும். யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இழை சொல்லும் கதை

மனிதன் பார்க்காததை, சில வேளை பொருள் காட்டிக்கொடுக்கும்.

பழைய மொபெட்டின் முகப்பு பல்புக்குள் ஒரு மெல்லிய கம்பி இழை இருக்கிறது. டங்ஸ்டன் என்ற உலோகத்தால் ஆனது. விளக்கு எரியும்போது இந்த இழை 2,000 டிகிரிக்கு மேல் சூடாகி, இளகிய நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் மோதல் நடந்தால், இழை நீண்டு வளைந்து கோணிப்போகும். விளக்கு அணைந்திருந்தால் அப்படி வளையாது. ஒடிந்தால் பட்டென்று ஒடியும். எரியும்போது கண்ணாடி உடைந்தால், சூடான இழையில் காற்று பட்டு வெள்ளைப் பொடி படியும்.

நிபுணர்கள் இதை வைத்தே, மோதிய நேரத்தில் விளக்கு எரிந்ததா, இல்லையா என்று கணிக்கிறார்கள். ஆகவே உடைந்த பல்பைக் குப்பையில் போடக் கூடாது. புதுப் பல்பு மாட்டவும் கூடாது. எல்.இ.டி. விளக்கில் இந்த அடையாளம் கிடையாது.

2017-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு தயாரான இரு சக்கர வண்டிகளில், என்ஜின் ஓடினாலே முன்விளக்கு தானாக எரியும். பல்பு நல்ல நிலையில் இருந்தால், "சுவிட்சு போட மறந்தார்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

கார் டிரைவருக்கும் கடமை உண்டு. தன் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகத்தில்தான் இரவில் ஓட்ட வேண்டும். ரோட்டில் பதிந்த டயர் தடமும், நசுங்கிய இடமும் அவருடைய வேகத்தைச் சொல்லும்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

நடு ரோட்டில் விளக்கு இல்லாமல் நின்ற கேஸ் டேங்கர் லாரி மீது, இரவில் ஒரு கார் மோதியது. இரண்டு பேர் மீதும் பாதிப் பாதித் தவறு என்று ஐகோர்ட்டு கூறியது. 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, முழுத் தவறும் டேங்கர் டிரைவர் மீதே என்று தீர்ப்பளித்தது. விபத்து நடந்த இடத்தின் வரைபடமும் அந்த வழக்கில் கவனிக்கப்பட்டது.

லைசென்சு இல்லாமல் இரு சக்கர வண்டி ஓட்டிய சிறுவன் பற்றி 2008-ல் ஒரு தீர்ப்பு வந்தது. லைசென்சு இல்லாதது வேறு குற்றம். அது ஒன்றை மட்டும் வைத்து, விபத்துக்கும் அவனே காரணம் என்று சொல்ல முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

கொலை வழக்கைப் போல, துளி சந்தேகமும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது அதிகம் நம்பத்தக்கது என்றுதான் நஷ்டஈட்டுக் கோர்ட்டு பார்க்கும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

ஆஸ்பத்திரியில் விபத்து எப்படி நடந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். "வண்டியில் இருந்து விழுந்துவிட்டார்" என்று பதற்றத்தில் சொன்னால், டாக்டர் அப்படியே எழுதிவிடுவார். பின்னால் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்.

உடனே போலீசில் புகார் கொடுக்க வேண்டும். முடிந்தால், வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால், பதிவு அழிந்துபோகும் முன் போலீசாரிடம் சொல்ல வேண்டும். பல்பையும் சுவிட்சையும் பார்த்து அறிக்கையில் எழுதும்படி, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்க வேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. கம்பெனி சொல்லும் தொகை குறைவு என்றால், மறுக்க உரிமை உண்டு. விபத்து எந்த ஊரில் நடந்தாலும், தான் குடியிருக்கும் பகுதிக்கு உரிய நஷ்டஈட்டுக் கோர்ட்டிலேயே மனுச் செய்யலாம். காயம் ஆறட்டும் என்று காத்திருக்காமல், 6 மாதத்திற்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.