சைக்கிளில் வந்த மருத்துவச்சிகள்

பிரசவம் பார்த்த கதையை யார் புத்தகமா எழுதப் போறாங்க என்று கேட்பீர்கள். லண்டனில் மருத்துவச்சியாக இருந்த ஜெனிபர் வொர்த் எழுதினார். "கதை, நாவல்களில் மருத்துவச்சியைக் காணோமே" என்று இன்னொரு மருத்துவச்சி 1998-ல் ஒரு கட்டுரையில் குறைப்பட்டிருந்தார். அதைப் படித்துத்தான் இவர் எழுத உட்கார்ந்தார். 2002-ல் புத்தகம் வந்தது. 2012-ல் பி.பி.சி. டி.வி.யில் தொடராகவும் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2011-ல் காலமாகிவிட்டார்.

லண்டன் என்றால் பணக்கார ஊர் என்றுதான் நினைக்கிறோம். 1950-களில் கிழக்கு லண்டன் அப்படி இல்லை. ஆண்களில் பலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகள் அப்படியே கிடந்தன. ஓரிரு அறைக்குள் ஒரு குடும்பம். பல குடும்பத்துக்கு ஒரே குழாய், ஒரே கக்கூஸ். பிள்ளைகளும் அதிகம். கருத்தடை மாத்திரை அங்கே 1961-ல்தான் வந்தது.

அந்தச் சந்துகளுக்குள் கன்னியாஸ்திரீகளும் இளம் நர்சுகளும் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். ராத்திரி, பனி என்று பார்க்கவில்லை. 1948-ல் அரசு மருத்துவச் சேவை தொடங்கியதால் தாய்க்கு ஒரு காசு செலவில்லை.

1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 1,000 பிரசவத்துக்கு சுமார் 4 தாய்மார் இறந்தார்கள். 1950-ல் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. சீழ் பிடிப்பதைத் தடுக்கும் மருந்துகள், ரத்தம் ஏற்றும் வசதி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் எல்லாம் சேர்ந்து சாதித்தது இது.

ஆனாலும் பேறுகால வலிப்பில் இறந்துபோன ஒரு இளம் மனைவியைப் பற்றி அந்த அம்மா எழுதியிருப்பது நெஞ்சை அறுக்கிறது. வலிப்பு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். பிரஷர் ஏறும். சிறுநீரில் புரதம் போகும். நம்ம பக்கம் 'உப்பு போகுது' என்போமே, அதுதான். அந்தக் காலத்தில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெளுத்துக் கலங்கினால் ஆபத்து. இன்றைக்கு ஒரு சின்னப் பட்டையை நனைத்தாலே தெரிந்துவிடும்.

குழுவில் கர்ப்பிணி யாராவது இருந்தால், ஒவ்வொரு முறையும் பிரஷரும் சிறுநீரும் பார்த்தாங்களா என்று கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குதல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். "மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.