சரளி வரிசை இலவசம், திருத்தத்தான் காசு

கர்நாடக சங்கீதத்தின் தொடக்கப் பாடமான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில் எப்படி என்று ஏ.ஐ.யிடம் கேட்டால் ஆரோகணம், அவரோகணம், மூன்று காலம், ஆதி தாளக் கணக்கு என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. கால் காசு கேட்பதில்லை. திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஆன்லைனில் பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்? பதிவுசெய்த பாடங்களை மொத்தமாகக் கட்டி விற்றால் தூங்கும்போதும் பணம் வரும் என்று சொல்லிக்கொடுத்த ஆலோசகர்கள் இன்றும் அதையே சொல்கிறார்கள். சொல்லட்டும். இலவசமாகக் கிடைப்பதை யார் விலைக்கு வாங்குவார்கள்?

பாடம் மலிவாவது இது முதல் தடவை அல்ல. 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியபோது, அதுவரை பெரும்பாலும் வாய்வழியாக வந்த கீர்த்தனைகள் கமகக் (ஸ்வர அசைவுக்) குறிகளோடு காகிதத்துக்கு வந்தன. பிறகு கிராமபோன், ரேடியோ, காசெட், யூடியூப். ஒவ்வொன்றும் பாடத்தின் விலையைக் குறைத்தது. பாடுகிறவனின் பிசகைப் பிடித்துத் திருத்துகிறவரின் விலையை எதுவும் குறைக்கவில்லை.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தால் காவிரிக்கரைக்கே சொந்தமாகிப்போன ராகம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். சுருதி பார்க்கும் ஆப்பை எதிரே வைத்துக்கொண்டு அதைச் சரியாகப் பாடினால் முள் தத்தளிக்கும். ஆடாமல் அசையாமல் பாடினால் முள் நிற்கும், தோடி போய்விடும். நாளைக்கு எந்திரம் இதையும் கற்றுக்கொள்ளும் என்பவர்கள் உண்டு. கற்றாலும், இந்தப் பிள்ளைக்கு மூன்று மாதமாக எந்த இடத்தில் அசைவு இறுகுகிறது, பயத்தாலா, அவசரத்தாலா என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றுவது வாத்தியார்தான்.

ஆகவே விலை வைக்க வேண்டியது அந்தத் திருத்தத்துக்கு. இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லாத நேரலை வகுப்பு. வகுப்புகளுக்கு நடுவில், மாணவர் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்த நொடியில் என்ன பிசகு என்று குரல் பதிவிலேயே பதில். ஜூம் வகுப்பில் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது, தாளம் கவிழும். தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து ஜூம் வடிகட்டியும்விடும், அதைத் தடுக்கும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பைத் தட்டிவிடத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடி அனுப்பித் திருத்திக்கொள்வதுதான் இதற்கு வழி, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் கை கட்டி உட்காரும் நாதஸ்வரக் குடும்பங்களுக்கு இந்த மாதக் கட்டணம் சோறு.

இன்னொரு சரக்கு ஊர். டிசம்பர் சீசனுக்குச் சென்னை வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை அப்படியே ஜனவரியில் திருவையாற்றுக்கு அழைத்துவந்து பத்து நாள் நேரில் உட்காரவைத்து, தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்னம் கூட்டத்தோடு பாடவைக்கலாம். திரையில் ஒருநாளும் கிடைக்காத அனுபவம் அது. அறிவை வெளியூர் கொண்டுபோவது தஞ்சாவூருக்குப் பழக்கமானதுதான். அடவுகளை ஒழுங்குபடுத்தி, அலாரிப்பு முதல் தில்லானா வரை பரதநாட்டியக் கச்சேரி வரிசையை வகுத்த தஞ்சை நால்வரில் சின்னையா மைசூர் அரண்மனைக்கும் வடிவேலு மன்னர் சுவாதித் திருநாளின் திருவனந்தபுரத்துக்கும் போனவர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இங்கே காலை ஆறு மணிக்கு நியூஜெர்சியில் முந்தைய இரவு ஏழரை, கோடையில் எட்டரை. மாலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூரில் ஏழரை. அமெரிக்க டாலரும் சிங்கப்பூர் வெள்ளியும் விலைக்கு வாங்குவது சரியாக இந்த இரண்டு வேளையைத்தான். திருவையாற்றுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் ஓய்வாக இருக்கும் நேரமும் இதுவே! வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் குழந்தைக்கு, “இப்ப கிளாஸ் நடக்குதுடா கண்ணு, ஞாயித்துக்கிழமை வா” என்றுதான் பதில். அந்த ஞாயிறும் மெல்ல விலைபோகிறது. வாத்தியார்மேல் பழி போட எனக்கு மனசில்லை. உள்ளூரில் மாதம் முழுக்கக் கிடைப்பது அங்கே ஓரிரு வகுப்பில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் கணக்கு இங்கேதான் திரும்பிக் கடிக்கும். வெளிநாட்டுப் பெற்றோர் காசு கொடுப்பது இந்த மண்ணின் காதுக்கு. இரவு சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்டு, ராகம் எங்கே வழுக்குகிறது என்று திண்ணையிலிருந்தே முகம் சுளிக்கும் ஊர்க்காரர்கள்தான் வித்வானை வித்வானாக வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறையில் அந்தக் காது இல்லையென்றால் திருவையாற்று வாத்தியாருக்கும் எந்த ஊர் வாத்தியாருக்கும் வித்தியாசம் என்ன? அப்போது ஏ.ஐ.யே போதும் என்று அந்தப் பெற்றோர் போய்விடுவார்கள்.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இதே தஞ்சாவூரில் சித்த வைத்தியர் ஆபிரகாம் பண்டிதர் கோரோசனை மாத்திரை விற்றுச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில்தான் 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைச் சொந்தச் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தி, 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூலை வெளியிட்டார். ஒரு பக்கம் விற்று இன்னொரு பக்கம் வளர்த்தார். மாத்திரைக்குப் பதில் இப்போது சிங்கப்பூர் வகுப்பு. வாரத்தில் இரண்டு மாலையை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்கான செலவை வெளிநாட்டுக் கட்டணத்திலேயே சேர்த்து, அதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். அந்த மாலைகளை இழக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைக் காலை இருக்கிறது. அங்கே பத்து மணி என்றால் இங்கே ஏழரை.