பழைய இரும்பு இயந்திரங்களை இயக்கப் பழகுதல்

தோட்டத்தில் பால்வெட்டு வேலைக்குப் புதிதாக வருபவரின் கையில் முதல் நாளே கத்தியைக் கொடுத்து, நன்றாகப் பால் தரும் இளமரங்களின் நிரையில் யாரும் விட்டுவிடுவதில்லை. அழிக்கப்படவிருக்கும் கிழட்டு மரங்களில் முதலில் கை பழக வேண்டும். பட்டையில் எவ்வளவு ஆழம் வரை கத்தி இறங்கலாம் என்பதைக் கண்ணும் கையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆழம் மிஞ்சினால் மரம் காயப்படும். அவ்விடத்தில் பட்டை சீராக வளராமல் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்காயத்தைச் சுட்டிக்காட்டி மண்டோர் ஏசுவார். ஒரு மரத்தின் பட்டைக்கு இத்துணை மதிப்பு அளிக்கப்படுவதைத் தோட்ட மக்கள் நன்கறிவர்.

அதே தோட்ட மக்களின் பிள்ளைகளுள் சிலர் இன்று பட்டணத்தை ஒட்டியுள்ள பழைய இரும்பு நிலையங்களில் வேலை பார்க்கின்றனர். அத்தகைய நிலையம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, வீட்டின் அறை அளவிலான ஓர் இயந்திரத்தை இளைஞர் ஒருவர் இயக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, இதனை இயக்க யார் கற்றுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டோம். "யாரும் கற்றுக் கொடுக்கவில்லை சார். பக்கத்தில் நின்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாவது நாள் பழையவர் வேலைக்கு வரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்" என்றார். அவ்வியந்திரத்தின் சாவி, வருவோர் போவோர் யாரும் திருகக்கூடிய வகையில் பலகையிலேயே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை கூறுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. அவர் காட்டிய வழியில்தான் பெரும்பாலோர் இத்தொழிலைப் பழகியிருக்கின்றனர்.

பழைய இரும்பு வாணிகம் நம் இந்தியர் பலர் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ள தொழிலாகும். உடைந்த மோட்டார் வண்டி, துருப்பிடித்த தகரம், கட்டடத்தை இடித்தெடுத்த கம்பி, குளிர்பானக் குவளை ஆகிய யாவும் தரம் பிரிக்கப்பட்டு, வெட்டப்பட்டு, கட்டியாக அமுக்கப்பட்டு, உருக்காலைக்கு அனுப்பப்படுகின்றன. இத்தொழிலில் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுந்த கவனத்துக்குரியதும், அமுக்கிக் கட்டும் இயந்திரமே ஆகும். தொழிலாளர் இதனைப் 'பேலர்' என்பர்.

பேலர் எவ்வாறு வேலை செய்கிறது? மின்மோட்டார் ஒன்று எண்ணெயை அழுத்திக் குழாய் வழியாக உருளைக்குள் செலுத்துகிறது. அந்த எண்ணெய் உள்ளேயிருக்கும் தண்டைத் தள்ளுகிறது. தண்டு இரும்பைத் தள்ளுகிறது. எண்ணெய்தானே என்று எண்ணிவிடலாகாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்று கொள்வோம். உருளையின் விட்டம் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 62,800 கிலோ, அதாவது ஏறக்குறைய 63 டன் வருகிறது. ஒரு மோட்டார் வண்டியின் உடலை மடித்துப் பெட்டியாக்கும் அந்த விசைக்கு, நடுவில் அகப்பட்டது தகரமா மனிதக் கையா என்ற வேறுபாடு தெரியாது.

'ஆபத்தென்று கண்டால் கையை இழுத்துக்கொள்ளலாமே' என்பார்க்கு இன்னொரு கணக்கு. கண் கண்டு, மூளை அறிந்து, கை அசையத் தொடங்குவதற்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். தண்டு நொடிக்கு 20 சென்டிமீட்டர் நகருமானால், கை அசையத் தொடங்கும் முன்னரே அது 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டிருக்கும். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் தகடு இழுக்கும் உருளைகளுக்கிடையே விரல் அகப்பட்டவர்களின் கதையும் இதுவேயன்றோ?

இனி நாம் கூற வந்த முக்கியமான செய்திக்கு வருவோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எவரும் அதனுள் இறங்கமாட்டார். அது நின்றிருக்கும்போதுதான் இறங்குகின்றனர். நீண்ட கம்பியொன்று குறுக்காகச் சிக்கிக்கொள்ளும்; தண்டு நகராது; வேலை தடைப்படும்; வெளியே லாரிகள் காத்து நிற்கும். ஒருவர் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, கம்பியை எடுக்க உள்ளே இறங்குவார். அவர் உள்ளே இருப்பதை அறியாத மற்றொருவர் வந்து பொத்தானை அழுத்துவார். அல்லது யாருமே அழுத்த வேண்டியதில்லை. தானியங்கிப் பேலர் சிலவற்றில் வாய்ப்பகுதியின் குறுக்கே ஓர் ஒளிக்கதிர் செல்லும். இரும்பு நிரம்பி அக்கதிர் மறைக்கப்பட்டால் தண்டு தானாகவே நகரத் தொடங்கும். உள்ளே இறங்கிய மனிதரின் உடல் அக்கதிரை மறைத்தாலும் அவ்வாறே தொடங்கும்.

ஆகவே நின்ற இயந்திரம் வேறு, செயலற்ற இயந்திரம் வேறு. பொத்தானை அழுத்துவதால் இயந்திரம் நிற்கிறது, அவ்வளவே. அதனைச் செயலற்றதாக்கும் முறை பின்வருமாறு: முதலில் மின்சாரத்தை அதன் தலைமைச் சுவிட்சில் துண்டிக்க வேண்டும். அச்சுவிட்சில் ஒரு பூட்டைப் போட வேண்டும். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று எழுதிய அட்டையையும், இறங்குபவர் பெயருடன், தொங்கவிட வேண்டும். சாவி இறங்குபவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரிடமோ, ஆணியிலோ, மேசை அறையிலோ அன்று. இருவர் இறங்குவதானால் பூட்டும் இரண்டு, சாவியும் இரண்டு. ஒருவர் வேலையை முடித்துத் தம் பூட்டைக் கழற்றிவிட்டாலும் மற்றவரின் பூட்டு அவரைக் காக்கும்.

பூட்டிய பின்னும் ஒன்று உண்டு. மின்சாரம் போனாலும் குழாய்க்குள் எண்ணெயின் அழுத்தம் தங்கியிருக்கும். உயரத் தூக்கப்பட்ட மூடி அந்த எண்ணெயைத் தாங்கலாகக் கொண்டே நிற்கிறது. குழாய் கழன்றால் மூடி விழும். எனவே அழுத்தத்தை வெளியேற்றி, மூடியை இரும்புத் தாங்கியால் முட்டுக் கொடுக்க வேண்டும். இறுதியாக, யாரும் உள்ளே இறங்கும் முன்னர், இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். தவறான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். இக்கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர்.

கம்பி வெட்டும் கத்தரி இயந்திரம் முதலையின் வாயைப் போன்று மேலும் கீழும் அசைவது. கத்தியில் விரல் படுவதை எல்லாரும் அஞ்சுவர். ஆனால் நீண்ட கம்பியைக் கத்தி கவ்வும்போது அதன் மறுமுனை துள்ளி எழுந்து, பிடித்திருப்பவரின் தாடையில் அடிப்பதைப் புதியவர் எதிர்பாரார். கம்பியைப் பிடிக்கும் அமுக்குத் தாங்கியை முதலில் இறக்க வேண்டும் என்பது இதனாலேயே. பெரிய சிதைப்பு இயந்திரங்களில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளேயுள்ள சுத்தியல்கள் வெகு நேரம் சுழன்றுகொண்டிருக்கும். மின்காந்தப் பாரந்தூக்கியின் கீழே நடத்தல் கூடாது. மின்சாரம் போன கணத்தில் காந்தம் சுமையை விட்டுவிடும்.

இயந்திரத்தை அறிவது பாதிப் பயிற்சிதான். அதற்குள் எதனைப் போடலாகாது என்பதை அறிவது மறு பாதி. எரிவாயுத் தோம்பு, தீயணைப்புக் குப்பி, மூடியுள்ள எண்ணெய்த் தோம்பு போன்ற அடைபட்ட கலங்கள் நசுக்கப்படும்போது வெடிக்கும். காலித் தோம்புதானே என்று தீப்பந்தால் வெட்டத் தொடங்கி உயிரிழந்தோர் உண்டு. தோம்பினுள் எஞ்சியுள்ள ஆவியே எண்ணெயைவிட எளிதாகத் தீப்பற்றுகிறது. கைப்பேசியிலும் மின்சைக்கிளிலும் உள்ள லித்தியம் மின்கலம் நசுங்கினால் தானாகவே எரியத் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டில் நம் அண்டை நாடான தாய்லாந்தில், பேங்காக்கை அடுத்த சமுத் பிராகான் என்னுமிடத்தில், மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் கருவியொன்றின் பகுதி பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. நிலையத்தார் அதனைத் தீப்பந்தால் வெட்டித் திறந்தனர். பத்துப் பேர் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அந்நிலையத்தில் வேலை செய்தோருள் மூவர் இரண்டு மாதத்துக்குள் இறந்தனர். மஞ்சள் நிறப் பின்புலத்தில் மூன்று இதழ் விரிந்தது போன்ற அடையாளத்தைக் கண்டால் பொருளைத் தொடாமல் விலகி நின்று, பிறரையும் விலக்கி, முதலாளியிடம் அறிவிக்க வேண்டும் என்பதை ஒருவர் காட்டிக் கொடுத்திருந்தால் அம்மூவரும் பிழைத்திருக்கக் கூடும்.

அங்ஙனமாயின் முறையான பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் ஒன்றைச் சொல்லித் தந்தார்கள்: 'புரிந்ததா?' என்று கேட்டால் வகுப்பு முழுவதும் 'புரிந்தது' என்றே கூறும். செய்து காட்டச் சொன்னால்தான் உண்மை வெளிப்படும். இங்கும் அதுவே முறை. முதல் நாளில் இரும்பே வேண்டாம். அவசர நிறுத்தப் பொத்தான்கள் எங்கெங்கே உள்ளன என்பதைப் புதியவர் நடந்து சென்று தொட்டுக் காட்ட வேண்டும். பின்பு வெறும் இயந்திரத்தை இயக்கிப் பழக வேண்டும். அதன் பின்னரே, அனுபவமுள்ளவர் அருகில் நிற்க, இலகுவான தகரத்தைப் போட்டுப் பார்க்கலாம். சிக்கலெடுப்பதையும் பூட்டுப் போடுவதையும் தாமே செய்து காட்டிய பிறகே தனியாக விட வேண்டும். பயிற்சி, பெறுபவருக்கு விளங்கும் மொழியிலும் நடைபெற வேண்டும். தமிழரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் சேர்ந்து வேலை செய்யும் நிலையத்தில், ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிய எச்சரிக்கை சுவருக்கு அழகு சேர்க்குமே தவிர வேறு பயனில்லை.

இது முதலாளியின் தயவைப் பொறுத்ததன்று. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, தொழிலாளிக்குத் தகவலும் போதனையும் பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பது முதலாளியின் கடமையாகும். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்டது. அதே நாளில், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அக்கடமையில் தவறும் முதலாளிக்கு 5 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் சிறு நிலையத்திலும் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகவும் இச்சட்டம் உரிமை அளிக்கிறது. 'உள்ளே இறங்கு, பூட்டெல்லாம் வேண்டாம்' என்று சொல்லப்படும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் நன்று. தமக்கு அளிக்கப்பட்ட கவசங்களை அணிவதும், இயந்திரத்தின் தடுப்புகளைக் கழற்றாதிருப்பதும் அவர் பக்கத்துக் கடமைகள்.

பிள்ளைகளை இவ்வேலைக்கு அனுப்பும் பெற்றோர், சொக்சோ சந்தா முதல் மாதத்திலிருந்தே கட்டப்படுகிறதா என்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பதிகிறோம்' என்பது சரியான விடையன்று. வேலையில் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது, காயம் வேலையிடத்தில் ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறி, அவர் தரும் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.