491 விசா: கோவையிலிருந்து ஆஸ்திரேலிய பி.ஆர். வரைக்கும் ஒரு சுற்றுவழி

"பி.ஆர். கன்ஃபார்ம்" என்ற விளம்பரத்தை உங்கள் மொபைலிலும் பார்த்திருப்பீர்கள். ஒரு கங்காரு படம், ஒரு வாட்ஸ்அப் எண், "இன்றே முந்துங்கள்" என்ற வரி. கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகன், சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண், ஈரோட்டுத் தனியார் மருத்துவமனை நர்ஸ் என எல்லோருக்கும் ஒரே விளம்பரம்தான் போகிறது. ஆனால் இந்த மூன்று பேருக்கும் வழி ஒன்றல்ல. அந்த விளம்பரங்கள் தெளிவாகச் சொல்லாத "ரீஜினல்" வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

"ரீஜினல்" என்றால் பட்டிக்காடா?

இல்லைங்க. ஆஸ்திரேலியாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிட்னியிலும் மெல்போர்னிலுமே குடியேறுகிறார்கள். மற்ற ஊர்களில் ஆள் பற்றாக்குறை. அதைச் சரிக்கட்ட 2019 நவம்பர் 16 முதல் 491 என்ற எண்ணுள்ள திறன் விசா நடைமுறைக்கு வந்தது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களைத் தவிர மற்ற எல்லாப் பகுதிகளும் இதில் "ரீஜினல்" கணக்கில் வரும். பெர்த், அடிலெய்டு, தலைநகர் கான்பெரா, ஹோபார்ட், வொல்லொங்காங், ஜீலாங் எல்லாமே அப்படித்தான். பெர்த்திலும் அடிலெய்டிலும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வசிக்கிறார்கள். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், சென்னையை மட்டும் கழித்துவிட்டு கோவை, திருச்சி, தாராபுரம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்ட மாதிரி.

இந்த விசா நேரடி பி.ஆர். கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கான தற்காலிக விசா. அந்தக் காலத்தில் ரீஜினல் பகுதியில்தான் வசிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், படிக்க வேண்டும். ஒரு ரீஜினல் ஊரிலிருந்து இன்னொரு ரீஜினல் ஊருக்கு மாறலாம். ஆனால் உங்களைப் பரிந்துரைத்த மாநிலத்துக்கு நீங்கள் ஏதாவது உறுதி கொடுத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். விசா கிடைத்து மூன்று ஆண்டுகள் முடிந்து, மூன்று நிதியாண்டுக்கான வருமான வரி மதிப்பீட்டு நோட்டீஸ் கையில் இருந்தால், 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த 191 விசாவின் கதவு 2022 நவம்பரில்தான் திறந்தது. இடையில் மனது மாறி "சிட்னியிலேயே வேலை கிடைச்சிடுச்சு, வேற பி.ஆர். விசா போட்டுக்கறேன்" என்று தாவ முடியாது. மூன்று ஆண்டு முடியும்வரை மற்ற திறன் விசாக்களில் பெரும்பாலானவை உங்களுக்கு மூடியே இருக்கும். கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் இதே விசாவில் கூட வரலாம், துணைவர் வேலைக்கும் போகலாம். அந்நாட்டு அரசின் மெடிகேர் மருத்துவ வசதியும் உண்டு.

பாயின்ட் கணக்கு

விண்ணப்பிக்க 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 பாயின்ட் வேண்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 29 வயது, பி.இ. மெக்கானிக்கல், ஐந்து ஆண்டு வேலை அனுபவம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பிரிவிலும் 7. வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, அனுபவத்துக்கு 10, ஆங்கிலத்துக்கு 10, தனி ஆளாக இருப்பதற்கு 10. கூட்டினால் 75. மாநில அரசு ஒன்று 491-க்குப் பரிந்துரைத்தால் கூடவே 15. ஆக 90.

65 வந்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது நுழைவுக் கோடு மட்டுமே. எத்தனை பேருக்கு இடம், எந்தத் தொழிலுக்கு முன்னுரிமை என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் தீர்மானிக்கிறது. ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் மாநிலங்களும் உண்டு. நம்ம ஊரிலிருந்து நேரடியாகப் போட்டி போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு ஐந்து பாயின்டும் முக்கியம்.

அந்த ஐந்து பாயின்ட் தமிழிலேயே கிடைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை! நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்பு சி.சி.எல். என்றொரு தேர்வு நடத்துகிறது, அதில் தமிழும் ஒரு மொழி. ஆன்லைனில் நடக்கும் தேர்வு. ஆங்கிலம் பேசும் ஒருவருக்கும் தமிழ் பேசும் ஒருவருக்கும் நடக்கும் இரண்டு உரையாடல்களைக் கேட்டு, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் வாய்மொழியாக மாற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 45 மதிப்பெண். இரண்டிலும் தலா 29, மொத்தத்தில் 63 எடுத்தால் தேர்ச்சி. மருத்துவமனை, வங்கி, காப்பீடு, அரசு உதவித்தொகை போன்ற அன்றாட விஷயங்கள்தான் வரும். "டாக்டர் ப்ரிஸ்க்ரிப்ஷன் குடுத்தாரு" என்று பேசிப் பழகிய நாம், "மருந்துச் சீட்டு" என்ற சொல்லைத் தேடி எடுக்கிற இடத்தில்தான் திணறுவோம். நல்ல தமிழ் பேசும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் பயிற்சிக்கு அவர்களே போதும்.

பட்டறை அனுபவத்துக்குப் பேப்பர் எங்கே?

விசாவுக்கு முன்னால் திறன் மதிப்பீடு என்ற ஒரு படி இருக்கிறது. என் பார்வையில் கொங்கு மண்டலத்துக்காரர்கள் அதிகம் கவனம் வைக்க வேண்டிய இடம் இதுதான். பொறியாளர்களை இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா மதிப்பிடும். ஐ.டி. துறைக்கு ஏ.சி.எஸ்., நர்ஸ்களுக்கு அன்மாக், ஃபிட்டர், வெல்டர், மோட்டார் மெக்கானிக் போன்ற தொழில்களுக்கு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா, இன்னும் பல பதவிகளுக்கு வெட்டாசஸ். திருப்பூரில் "மெர்ச்சண்டைசர்" என்று நாம் சொல்லும் பதவி, அவர்கள் பட்டியலில் அதே பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை. பதவிப் பெயரைப் பார்க்காமல், நீங்கள் தினமும் செய்யும் வேலை பட்டியலில் எதற்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

ஐ.டி. நிறுவன ஊழியரிடம் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 எல்லாம் இருக்கும். பீளமேட்டிலோ கணபதியிலோ ஒரு சிறிய யூனிட்டில் எட்டு வருடமாக சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவரிடம் என்ன இருக்கும்? வாரக் கூலி, அதுவும் கையில் காசாக. முதலாளி நல்லவர், "எவ்வளவு வேணும்னாலும் லெட்டர் குடுக்கறேன்" என்பார். அந்தக் கடிதம் மட்டும் போதாது. சம்பளம் உண்மையிலேயே வந்தது என்பதற்கு மூன்றாவது நபரின் ஆதாரம் கேட்பார்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப். பாஸ்புக், வருமான வரித் தாக்கல் போன்றவை. அப்பாவின் சொந்தப் பட்டறையில் சம்பளமே எடுக்காமல் உழைத்த மகனின் நிலைமை இன்னும் சிக்கல். கை வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், காகிதத்தில் அது பூஜ்யம். சம்பளம் பெற்ற, வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாத, கடந்த பத்து ஆண்டுக்குள் செய்த வேலைக்குத்தான் பாயின்ட்.

அதனால் வெளிநாடு போகும் எண்ணம் லேசாக இருந்தால்கூட, இன்றைக்கே முதலாளியிடம் பேசி சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். உமங் செயலியில் உங்கள் யு.ஏ.என். எண்ணைப் போட்டு, பி.எஃப். உண்மையிலேயே கட்டப்படுகிறதா, வேலைக்குச் சேர்ந்த தேதி சரியா என்று பாருங்கள். வருமான வரி இணையதளத்தில் 26ஏ.எஸ். படிவத்தையும் வருடந்தோறும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் வீட்டுக் கடனுக்கு இதே காகிதங்கள்தான் கேட்பார்கள்.

ஆதாரம் இல்லையே என்று நண்பர் கம்பெனி லெட்டர்ஹெட்டில் பொய் அனுபவச் சான்று வாங்கினால் என்ன ஆகும்? போலி ஆவணம் என்று தெரிந்து விசா நிராகரிக்கப்பட்டால், மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி விசா கிடைக்காது. அடையாளத்திலேயே பொய் என்றால் பத்து ஆண்டு. விண்ணப்பத்தில் கூட இருக்கும் குடும்பத்தினரையும் அது பாதிக்கும்.

பொறியாளர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-லிருந்து முழு உறுப்பு நாடு. நீங்கள் படித்த கல்லூரியின் அந்தப் பாடப்பிரிவு, நீங்கள் படித்த ஆண்டில், என்.பி.ஏ. டயர்-1 அங்கீகாரம் பெற்றிருந்தால் மதிப்பீடு சுலபமாகும். கல்லூரி பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பிரிவையும் ஆண்டையும் என்.பி.ஏ. இணையதளத்தில் சரிபாருங்கள். அது இல்லாதவர்கள் தங்கள் பணிகளை விவரித்து சி.டி.ஆர். என்ற நீண்ட அறிக்கை எழுத வேண்டும். அதை இணையத்தில் காசு கொடுத்து வாங்கி அனுப்பி மாட்டிக்கொண்டால் மறு விண்ணப்பத்துக்கே தடை வரும்.

இனிஷியல் தொல்லை

இது தமிழர்களுக்கே உரிய பிரச்சினை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "எஸ். கார்த்திக்", பட்டத்தில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் சுப்பிரமணியம்", பி.எஃப்.பில் வெறும் "கார்த்திக்". நமக்கு நான்கும் ஒரே ஆள்தான். இனிஷியல் வழக்கமே தெரியாத அதிகாரிக்கு நான்கு பேர். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதார், பான், பி.எஃப். மூன்றையும் அதற்கேற்பத் திருத்துங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கலாம்.

கல்யாணமானவர்கள் கோயில் ரசீதையும் மண்டபப் பத்திரிகையையும் நம்பிப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், அந்தச் சான்றுதான் செல்லும். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, தகுதி இருக்க வேண்டும். காவல் துறை நன்னடத்தைச் சான்று, அதாவது பி.சி.சி., பாஸ்போர்ட் சேவா செயலி வழியாகவே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு உட்பட்டவர்கள் இதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை.

அங்கே போய்ப் படித்துவிட்டு...

மகனை அல்லது மகளை முதுகலைக்கு அனுப்பி, அப்படியே பி.ஆர். வாங்கலாம் என்று தோட்டத்தை அடமானம் வைக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. கணக்குப் போட்டு முடிவெடுங்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு கல்வியாண்டு படித்தால் 5 பாயின்ட், அது ரீஜினல் வளாகத்தில் என்றால் இன்னும் ஒரு 5. படிப்பு முடிந்ததும் கிடைக்கும் 485 வேலை விசா, முதுகலை முடித்த இந்தியர்களுக்கு மூன்று ஆண்டு. ரீஜினல் ஊரில் படித்து, அங்கேயே தங்கி வேலை பார்த்தவர்களுக்கு ஊரைப் பொறுத்து இன்னும் ஓரிரு ஆண்டு நீட்டிப்பும் உண்டு. ஆனால் 2024 ஜூலை முதல் இந்த விசாவுக்கு வயது வரம்பைப் பொதுவாக 35 ஆக்கிவிட்டார்கள். மாணவர் விசாக் கட்டணம் அதே மாதம் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. எந்தப் படிப்பும் பி.ஆருக்கு உத்தரவாதம் தராது. அப்படிச் சொல்லி சீட் விற்பவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

கனடா பக்கம்?

அங்கேயும் இதே யோசனைதான், பெயர்கள் வேறு. மாகாணப் பரிந்துரை கிடைத்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் 600 பாயின்ட் சேரும். நோவா ஸ்கோஷியா உள்ளிட்ட நான்கு கிழக்கு மாகாணங்களுக்கு அட்லாண்டிக் திட்டம் 2022 முதல் நிரந்தரமாக இருக்கிறது, அதற்கு அங்கீகரிக்கப்பட்ட முதலாளியின் வேலை அழைப்பு கட்டாயம். சட்பரி, தண்டர் பே போன்ற 14 சிற்றூர்ப் பகுதிகளுக்கான முன்னோடித் திட்டம் 2025-ல் வந்தது. மாகாணப் பரிந்துரைக்கான இடங்களோ 2024-ல் 1,10,000 என்றிருந்து 2025-க்குப் பாதியாகக் குறைக்கப்பட்டன. 2025 மார்ச் 25 முதல் வேலை அழைப்புக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி பாயின்டையும் எடுத்துவிட்டார்கள். "ஜாப் ஆஃபர் வாங்கித் தர்றோம், பாயின்ட் ஏறும்" என்று இப்போதும் யாராவது பணம் கேட்டால் அது பழைய கதை.

பணம் கொடுக்கும் முன்

491 விசாவுக்கு ஏஜென்ட் கட்டாயம் இல்லை. ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்பத்தைப் பதிவு செய்வது இலவசம். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதன்மை விண்ணப்பதாரருக்கான அரசுக் கட்டணம் ஐந்தாயிரம் ஆஸ்திரேலிய டாலரை நெருங்குகிறது, ஒவ்வொரு ஜூலையிலும் உயரும். ஏஜென்ட் வைத்தாலும் இம்மிஅக்கவுன்ட் உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். ஆஸ்திரேலியப் பதிவு பெற்ற முகவருக்கு ஏழு இலக்க எண் ஒன்று உண்டு, அதை அந்நாட்டு அரசுத் தளத்தில் சரிபார்க்கலாம். கனடாவுக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் இந்தியாவில் இருந்தாலும் கனடா உரிமம் பெற்றவராகவோ அந்நாட்டு வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். முதலாளி ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பரிலிருந்து சட்டவிரோதம்.

விசா ஆலோசனை தருவது வேறு, வேலைக்கு ஆள் எடுப்பது வேறு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் இரண்டே நிமிடத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் செயல்படும் ஒரு பதிவு பெற்ற முகமைதான், அதன் அறிவிப்புகளையும் கவனியுங்கள். பணம் ஆன்லைனில் ஏமாற்றி வாங்கப்பட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். அயலகத் தமிழர் நலத் துறையின் இலவச உதவி எண் 1800 309 3793.

யாராவது "விசா வந்துடுச்சு" என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பினால், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அதிலுள்ள எண்ணையும் உங்கள் பாஸ்போர்ட் எண்ணையும் ஆஸ்திரேலிய அரசின் வீவோ தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.