தொடை எலும்பு முறிந்தால்... மாவுக்கட்டா? கம்பியா?

‘தொடை எலும்பு உடைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்’ என்று டாக்டர் சொன்னதும் பெற்றோருக்குப் பாதி உயிர் போய்விடும். ‘பச்சைப் பிள்ளைக்குக் கம்பியா? பேசாமல் நாட்டுக்கட்டு போட்டுடலாமே!’ என்று உறவுக்காரர் ஒருவர் யோசனை சொல்வார். வேப்பமரத்தில் ஏறி விழுவதோ, மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் வண்டி இடிப்பதோ... பந்தல்குடிப் பக்கம் எந்த வீட்டிலும் இந்த நிலைமை வரலாம். விவரம் தெரிந்தால் பதற வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டியது

கோணிய காலை இழுத்து நிமிர்த்தாதீர்கள். எண்ணெய் போட்டு நீவவே கூடாது. இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வைத்து, அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துத் துணியால் கட்டுங்கள். சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். 108-க்கு போன் செய்யுங்கள். அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். மேல் சிகிச்சைக்கு 2022-ல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதில் என்ன ஆபத்து? உள்ளே வீக்கம் ஏற ஏற, கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றுவிடலாம். சில மணி நேரத்திலேயே சதை அழுகத் தொடங்கும். காலையே எடுக்க வேண்டிய நிலைகூட வரும். எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் நீலமானாலோ, மரத்தாலோ, வலி தாங்காமல் குழந்தை அலறினாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

வயசுக்கேற்ற வைத்தியம்

ஆறு மாதத்துக்குள்: காலைத் தாங்கும் மெல்லிய துணிப்பட்டியே பெரும்பாலும் போதும்.

ஆறு மாதம் முதல் 5 வயது வரை: இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. பொதுவாக 4 முதல் 8 வாரம். எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஒரு சென்டிமீட்டர் ஏறி நிற்கிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள்! இந்த வயதில் முறிந்த எலும்பு கொஞ்சம் கூடுதலாக வளரும். அதனால் டாக்டரே அப்படி விட்டிருப்பார். ஆனால் எலும்பு முறுக்கிக்கொண்டு கூடினால் தானாகச் சரியாவது கடினம்.

5 முதல் 11 வயது வரை: வளையும் டைட்டானியம் கம்பிகள். 1980-ஐ ஒட்டி பிரான்ஸின் நான்ஸி நகர டாக்டர்கள் வளர்த்தெடுத்த முறை இது. முழங்காலுக்குச் சற்று மேலே இருபுறமும் சின்னதாகக் கீறி, இரண்டு கம்பிகளை எலும்புக்குள் செலுத்துவார்கள். மாதக்கணக்கில் படுக்கை வேண்டாம். எலும்பு நன்றாகக் கூடியபின், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் கம்பியை எடுத்துவிடலாம்.

11 வயதுக்கு மேல், அல்லது எடை 50 கிலோவை நெருங்கினால்: வளையும் கம்பி தாங்காது. கெட்டியான கம்பிதான் பொருத்தம். எலும்பு பல துண்டானால் சதைக்கு அடியில் பிளேட். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் வெளியிலிருந்து பொருத்தும் கம்பிச்சட்டம்.

‘நொண்டிப் போகுமா?’

எலும்பின் இரு முனைகளிலும் வளர்ச்சிக்கான குருத்துத் தட்டு இருக்கிறது. அது கெட்டால் கால் குட்டையாகலாம், கோணலாம். அதனால்தான் வளையும் கம்பியை அந்தத் தட்டைத் தொடாமல் நுழைக்கிறார்கள். கெட்டிக் கம்பியையும் இடுப்பு மூட்டுப் பந்துக்குப் போகும் ரத்தக்குழாய் பாதிக்காத இடமாகப் பார்த்துச் செலுத்துவார்கள். ஆக, பயப்பட வேண்டியது கம்பிக்கு அல்ல, தாமதத்துக்கும் தப்பான கட்டுக்கும்தான்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ‘என் பிள்ளை வயசுக்கும் எடைக்கும் ஏன் இந்த முறை? எப்போது காலை ஊன்றலாம்? கம்பியை எப்போது எடுப்பீர்கள்?’ கால் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நடக்க ஆரம்பித்த பிறகும் ஓரிரு வருஷம் செக்கப்புக்குத் தவறாமல் போய் வாருங்கள்.