அடைகல், பட்டடை, உலைக்கல்: கொல்லர் கருவிப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்

கொல்லுத்தொழில் பற்றிய ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்க முற்படுவோர் 'ஆன்வில்' என்னும் முதற் கருவியிலேயே தடைப்படுகின்றனர். அதற்குத் தமிழில் சொல் இல்லாமை இதற்குக் காரணமன்று. பல சொற்கள் இருப்பதே காரணம். அடைகல், பட்டடை, பட்டறை, உலைக்கல் ஆகிய நான்கும் அகராதிகளில் ஒரே பொருளுக்கு உரியனவாக நிற்கின்றன. அகராதி ஒன்றாகக் காட்டினும் வழக்கு அவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை.

உலைக்கல் சங்க இலக்கியச் சொல். புறநானூற்றின் 170ஆம் பாடலில், கொல்லன் ஓங்கி அடிக்கும் கூடத்தை எதிர்த்து நிற்கும் பொருளாக அது வருகிறது. இன்று அது செய்யுட்சொல்லாகவே நிற்கிறது. பட்டடை கருவியையும் குறிக்கும். கருவி இருக்கும் உலைக்கூடத்தையும் குறிக்கும். பட்டறை என்பதோ இடப்பொருளிலேயே நிலைபெற்றுவிட்டது. 'பயிற்சிப் பட்டறை' என்னும் தொடரை நாளும் கேட்கும் மொழியியலாளர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுச்செவி எலும்புகளுள் ஒன்றைப் 'பட்டடை எலும்பு' எனப் பாடநூல்கள் குறிப்பதால், கருவிப் பொருளும் பட்டடையில் முற்றும் மறையவில்லை என்பது புலனாகும்.

இவற்றுள் கருத்தூன்றி நோக்கத்தக்கது அடைகல் என்னும் சொல். மலையாள அடகல்லு, கன்னட அடிகல்லு, தெலுங்கு டாகலி ஆகியன இதன் இனச்சொற்களாகக் கொள்ளப்படுகின்றன. முதற்பகுதியாகிய 'அடை' தாங்குவது, முட்டாக நிற்பது என்னும் பொருளது, பின்பகுதி கல். கருவி இரும்பாக மாறிய பின்னரும் பெயரில் கல் நீங்கவில்லை. வட இந்தியாவிலும் இதையொத்த நிலை உண்டு. பஞ்சாபி அஹரண், குஜராத்தி ஏரண், மராத்தி ஐரண் ஆகியவற்றுக்கு மூலம் பாலியில் வழங்கிய அதிகரணீ என்பதாகும். ஏழாம் வேற்றுமைப் பொருளை வடமொழி இலக்கணம் அதிகரணம் என்று வழங்குவதும் இதே அடிப்படையில்தான். ஆக, இருவேறு மொழிக்குடும்பங்களும் இக்கருவிக்கு வடிவத்தைக் கொண்டு பெயரிடாமல், அடியில் இருந்து தாங்கும் தொழிலைக் கொண்டே பெயரிட்டுள்ளன.

ஆங்கிலக் கையேடு வருணிக்கும் கருவியோ வேறு. 'லண்டன் அமைப்பு' எனப்படும் அதில் கடினமாக்கப்பட்ட மேல்தளம் உண்டு. ஒரு முனையில் கூம்பிய கொம்பும், கொம்பு தளத்தோடு சேருமிடத்தில் கடினமாக்கப்படாத சிறு படியும், மறுமுனையில் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும் அமைந்திருக்கும். வளைப்பதற்குக் கொம்பு, உளியால் வெட்டும்போது உளிவாய் மழுங்காதிருக்கப் படி, அடிக்கருவிகளின் காம்பைச் செருகச் சதுரத் துளை, துளையிடும்போது கழிவு கீழே விழ வட்டத் துளை. இந்நான்குக்கும் தமிழில் பெயர் தேடிக் காணாத மொழிபெயர்ப்பாளர், தமிழில் கலைச்சொல் வறுமை இருப்பதாக முடிவுகட்டுவது வழக்கம். அம்முடிவு பொருந்தாது. நாட்டுப்புற உலைக்கூடத்தில் அடைகல் என்பது கட்டையில் பதித்த சதுர இரும்புக் கட்டி மட்டுமே. வளைக்கும் கூம்பு தனியே நிற்கும். துளையிடத் துளையுள்ள இரும்புத் துண்டு ஒன்று அடியில் வைக்கப்படும். வெட்டுவதற்கு வெட்டிரும்பு உண்டு. ஆங்கிலேயர் ஒரே கருவியின் உறுப்புகளாக்கியவை இங்குப் பல கருவிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. எனவே உறுப்புக்கு உறுப்பு பெயர் தேடுவதினும் தொழிலுக்குத் தொழில் பெயர் தேடுவதே தக்கது.

கருவியைத் தேர்வதும் மதிப்பிடுவதும் பற்றிய பகுதிகளில் இத்தேவை மேலும் கூடுகிறது. அடைகல்லின் தரத்தை அறிய எஃகுக் குண்டு ஒன்றை ஏறத்தாழ ஒரு சாண் உயரத்திலிருந்து தளத்தின்மேல் விழவிடுவர். நல்ல தளமாயின் குண்டு விழுந்த உயரத்தில் பெரும்பங்குக்கு மீண்டு எழும். வெற்று வார்ப்பிரும்பாயின் எழுச்சி குறையும். இம்மீட்சியை 'எதிரொலி' என எழுதிவிட்டால் பொருளே மாறிவிடும். ஏனெனில் ஒலிச் சோதனை வேறொன்று. சிறு சுத்தியலால் தட்டக் 'கணீர்' என ஒலிப்பது விரிசலின்மைக்கு அடையாளம். 'மொத்' என ஒலிப்பது ஐயத்துக்குரியது. ஆயினும் அமெரிக்காவில் ஃபிஷர் என்னும் பெயரில் வார்க்கப்பட்ட, வார்ப்பிரும்பு உடலில் எஃகுத் தளம் இணைந்த அடைகற்கள் தரமானவையாயினும் ஒலிப்பதில்லை. இரு சோதனைகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தளத்தின் விளிம்பு பற்றிய பகுதியும் கவனத்துக்குரியது. விளிம்பு முழுதும் கூராக இருத்தல் சிறப்பன்று. பணிப்பொருளில் வெட்டு விழாதிருக்க அதைச் சற்று உருட்டிவிடுவர். 'எட்ஜ்' என்பதைக் 'கருக்கு' எனப் பெயர்த்தால், பயிற்சி பெறுவோர் அதைத் தீட்ட முற்படக்கூடும். கடினத் தளத்தை வெறுமனே சுத்தியலால் ஓங்கி அடிக்கலாகாது என்னும் எச்சரிக்கையும் இவ்வாறே. சில்லுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும் என்பது அதன் காரணம். இங்கு 'ஃபேஸ்' என்பதற்கு 'முகம்' என்று எழுதினால், பக்கவாட்டைக் குறிப்பதாகப் படிப்போர் மயங்குவர். 'மேல்தளம்' என்பதே வேண்டும்.

பழைய ஆங்கிலேய அடைகற்களின் பக்கவாட்டில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1-2-10 என்பதை மாதிரி எண்ணாகவோ தேதியாகவோ கருதுதல் பிழை. முதலெண் 112 பவுண்டு கொண்ட அந்தர். இரண்டாவது அதன் கால்பகுதியாகிய 28 பவுண்டு. மூன்றாவது தனிப் பவுண்டு. எனவே எடை 112 + 56 + 10 = 178 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 81 கிலோ. இதைத் தமிழில் எண்ணை மாற்றாது விட்டு விளக்கம் சேர்ப்பதே முறை. பழைய கருவியை வாங்குவோர் காணப்போவது அப்பொறிப்பையே.

உயரம் பற்றிய அறிவுரையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பயன்தராது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி எங்கு நிற்கிறதோ அவ்வளவு உயரத்தில் தளம் இருக்க வேண்டும் என்பது ஆங்கில நூல்களின் விதி. இது நின்று அடிப்பவர்க்குரியது. இந்திய நாட்டுப்புறக் கொல்லர் பலர் குந்தியிருந்தே பணிபுரிவர். அவர்தம் அடைகல் தரையை ஒட்டியது. இராசத்தானத்துக் காடியா லோகார் வண்டியோடு கருவிகளையும் கொண்டு இடம்பெயர்ந்தவர். ஆடவர் இரும்பைப் பிடிக்கப் பெண்டிர் சம்மட்டி ஓங்குவது அவரிடை வழக்கம். நகரத் தெருவோரங்களில் தண்டவாளத் துண்டே அடைகல்லாகிறது. அதைக் கிடையாக வைப்பதினும் செங்குத்தாக நிறுத்துவது மேல். அடி விழும் இடத்துக்கு நேர்கீழே இரும்பின் திணிவு முழுதும் நிற்கும்.

அடிக்கும் கருவிக்கு ஆங்கிலம் ஒரு பெயரை வைத்து அடைமொழிகளால் வேறுபடுத்தும். தமிழ் சுத்தியல், சம்மட்டி, கூடம் எனத் தனிச்சொற்களே கொண்டுள்ளது. இந்தியிலும் ஹதௌடா, கன் என்பன வேறு. தலைமைக் கொல்லர் சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில் துணைவர் சம்மட்டியை இறக்குவார். ஆகவே ஈரிடத்தும் 'சுத்தி' என எழுதினால் யார் அடிக்கிறார் என்பதே மறைந்துபோகும். சுத்தியல் தலையின் குறுகிய பின்பக்கத்துக்குப் பொதுப்பெயர் தேடுவதைவிட, அது காம்புக்குக் குறுக்காக உள்ளதா, நெடுக்காக உள்ளதா, உருண்டையா எனச் சொல்வது பயன்தரும். இரும்பு அவ்விளிம்புக்குச் செங்குத்தான திசையிலேயே பரவுமாதலால், சொல்லிலிருந்தே விளைவை உணரலாம்.

இலக்கிய மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் எழுகிறது. ஜப்ஜியின் 38ஆம் பகுதியில் அறிவு அஹரணாகவும் ஞானம் ஹதியாராகவும் உருவகம் பெறுகின்றன. அங்குப் பணிபுரிபவராகப் பொறுமையே உருவகிக்கப்படுகிறது; ஆனால் அவர் கொல்லர் அல்லர், பொற்கொல்லர். பொற்கொல்லரின் அடைகல் சிறியது, வழவழப்பானது. அதில் விழும் அடியும் மெல்லியது. அதை 'உலைக்கல்' எனப் பெயர்த்தால் சம்மட்டியின் ஓசையே படிப்போர் காதில் எழும். 'பட்டடை' என்பது இங்குப் பொருந்தும். ஹதியார் என்பதோ கருவிகளுக்குப் பொதுப்பெயர். அடைகல் வந்தமையால் அதைச் சுத்தியல் எனக் கொண்ட மொழிபெயர்ப்புகளும் உண்டு. அவ்விடத்துக்குச் சுத்தியல் பொருந்துவதே. எனினும் குறடும் ஊதுகுழலும் அப்பொதுச்சொல்லில் அடங்கியிருப்பதைக் குறிப்புரையில் சுட்டுதல் வேண்டும்.